எலிசாவின் பெயர் மட்டும்

எலிசாவின் பெயர் மட்டும்தான் சரியாகத் தெரியவில்லை. மேலே இருந்த சிலுவை தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும் லில்லிப் பூக்கள் காம்பு வரைக்கும் தெரிந்தன. "புதுநன்மை விழா அழைப்பிதழ்" என்ற வரி பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே முட்டை வடிவக் கட்டத்துக்குள் பிள்ளையின் போட்டோ, போட்டோவுக்கு அடியில் "செல்வி எலிசா". அந்த இடத்தில் மட்டும் எழுத்துகளின் ஓரம் மங்கி, கண்ணில் தண்ணீர் நிற்கும்போது பார்க்கிற மாதிரி இருந்தது.

அருள்ராணி முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரை புதுசு. போன வாரம்தான் ஓனர் ஜெகதீசன், தொப்பை வைத்த பழைய மானிட்டரை ஓரங்கட்டிவிட்டு இந்தத் தட்டை மானிட்டரை வாங்கிவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி மேஜையில் உட்காரவைத்திருந்தார். சட்டத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. உரித்தால் பழசாகிவிடுமாம். இது வந்த நாளிலிருந்தே எழுத்தெல்லாம் கொஞ்சம் சோகை பிடித்த மாதிரிதான் தெரிந்தது, அவளும் பழகிக்கொண்டாள். ஆனால் அது எல்லா எழுத்துக்கும் பொதுவான சோகை. ஒரு பெயரை மட்டும் தேடிப் பிடிக்கிற கோளாறை இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததில்லை.

பெயரை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். மங்கல். எழுத்தைப் பெரிதாக்கினாள். பெரிய மங்கல். ஃபான்ட்டை மாற்றினாள். அதுவும் அப்படியே. அந்த இடத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்தாள், "அருள்ராணி" என்று கண்ணாடி மாதிரி வந்து நின்றது. புருஷன் பெயரை அடித்தாள், அந்தோணி பிரபுவும் ஜம்மென்று வந்தார். மறுபடி "எலிசா" என்று அடித்தபோது, அடித்த உடனே நன்றாக இருந்து, அவள் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விடுவதற்குள் ஓரம் கரையத் தொடங்கியது.

கடை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது. முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், பின்பக்கம் பிளைவுட் தடுப்புப் போட்ட டி.டி.பி. அறை. அறைக்கு ஜன்னல் கிடையாது. மே மாதத்துப் புழுக்கம், சூடான டோனரின் வாசனை, வெளியே தள்ளுவண்டியில் வறுபடும் மல்லாட்டையின் வாசனை எல்லாம் சேர்ந்து அந்தத் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுக்கும். மறுநாள் அமாவாசை. மேல்மலையனூருக்கு விட்ட தனி பஸ்களுக்கு ஆள் பிடிக்கிற சத்தம், குழந்தைகள் அழுகிற சத்தம், சாயங்காலம் ஆக ஆக ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு பிரிண்ட் எடுத்தாள். தாளில் பெயர் நன்றாகத்தான் வந்தது. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. திரையில் மட்டும்தான் கோளாறு, வேறு எதிலும் இல்லை.

"என்னா ராணி, முடிஞ்சுதா?" என்று ஜெகதீசன் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பாப்பா பேரு மட்டும் மங்கலா தெரியுதுண்ணா."

"பிரிண்ட்ல?"

"பிரிண்ட்ல நல்லாதான் வருது."

"அப்புறம் என்னா பேஜாரு உனக்கு? வர்ற ஜனங்களுக்கு ஸ்க்ரீனயா குடுக்கப்போற? ஜல்தி முடிச்சி சீடி போட்டு வை. மார்க்கெட்டாண்ட போயி சாமி சாமான் வாங்கிக்கினு வர்றேன். விழுப்புரத்துல அச்சு மெஷின்காரன் காத்துக்கினு இருக்கான். உன் பொண்ணு கார்டுன்னுதான் நானே எடுத்துக்கினு போறேன்."

வண்டிச் சத்தம் சந்தைத் தாண்டிப் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விழா, எலிசா முதல்முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். கார்டு இன்று போனால்தான் நாளைக்குக் கைக்கு வரும். யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து கார்டு போட்டவள், தன் பிள்ளைக்குப் போடுகிற நாள் வந்ததும் இப்படி ஒரு முட்டுக்கட்டை வந்ததே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவள் மத்தியானத்திலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையில் யாரும் காலிப் பக்கத்தில் வேலை தொடங்குவதில்லை. கல்யாணத்துக்கு ஒரு ஃபைல், காதுகுத்துக்கு ஒரு ஃபைல், கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு ஃபைல். அடுத்த ஆள் வந்தால் அதையே திறந்து பெயரையும் போட்டோவையும் மாற்ற வேண்டியதுதான். ஒருதரம் பழைய பெயரை அழிக்கப் போய், சிஸ்டம் நின்று, முழு ஃபைலும் திறக்காமல் போனது. அன்றைக்கு ஜெகதீசன் ஒரு சட்டம் போட்டார். எதையும் அழிக்காதே, மேலே ஒரு வெள்ளை பாக்ஸ் போட்டு மூடு, அதன்மேல் புதுசாக அடி. கார்டு அடிக்கிற பேஜ்மேக்கரில் வெள்ளை பாக்ஸ் என்றால் முழு வெள்ளை, கீழே இருப்பது துளியும் தெரியாது. பாதி தெரிந்து பாதி தெரியாத வெள்ளை அதில் போடவே முடியாது.

வேதக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு அட்டை அடிப்பார்கள். மேலே சிலுவை, இரண்டு பக்கமும் லில்லி, நடுவில் முட்டை வடிவக் கட்டத்தில் போட்டோ. புதுநன்மை கார்டுக்கும் அதே சிலுவை, அதே லில்லி, அதே கட்டம்தான். எல்லாம் தயாராக இருக்கும்போது புதுசாக வரைந்துகொண்டிருப்பானேன் என்று மத்தியானம் அவள் அந்த நினைவு அட்டை ஃபைலைத்தான் திறந்தாள். மேலாகக் கிடந்தவர் மயிலம் பக்கத்து தொம்மை, போன மாதம் காலமானவர். தொம்மையின் மேல் ஒரு வெள்ளை பாக்ஸ் போட்டு மூடினாள். அதன்மேல் மகளின் பெயரை அடித்தாள். அடிக்கும்போதே நெஞ்சில் ஒரு முள் தைத்தது. கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தாளில் இருப்பதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"ம்மா."

எலிசா தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோயிலில் ஞானோபதேச வகுப்பு முடிந்து நேராக இங்கேதான் வருவாள். அம்மாவின் வேலை முடியும் வரைக்கும் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அப்பா புதுச்சேரிக் கம்பெனியிலிருந்து வர இன்னும் நேரம் ஆகும்.

"ம்மா, வெளில ஒரே பனியா இருக்குது."

"மே மாசத்துல ஏதுடி பனி? பஸ்ஸு போற புழுதி."

"புழுதி இல்லம்மா. வெள்ளையா இருக்குது."

பிள்ளை இரண்டு கண்ணையும் முஷ்டியால் கசக்கிக்கொண்டே பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வழக்கம்போலக் காலை ஆட்டினாள். செருப்பு பெஞ்சுக் காலில் இடித்து டக், டக் என்று சத்தம் வந்தது. மற்ற நாளாக இருந்தால் ஒரு அதட்டல் போட்டிருப்பாள். இன்றைக்கு அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நல்லதாகத்தான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து சுப்பராயலு வந்து சேர்ந்தான். விழுப்புரத்திலிருந்து வந்து கடை கடையாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். புது மானிட்டரில் எழுத்து மங்குகிறது என்று ஓனர் முந்தாநாளே அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

"இந்த மானிட்டருக்குன்னு ஒரு அளவு இருக்குதுக்கா. நீங்க பழைய மானிட்டரு அளவுலயே வச்சிக்கினு இருக்கீங்க. இழுத்துப் புடிச்சிக் காட்டுது, அதான் எழுத்து இப்பிடி வருது" என்று சொல்லிக்கொண்டே மௌஸை வாங்கி எதையோ மாற்றினான். திரை ஒருதரம் இருண்டு திரும்ப வந்தது. வந்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை எழுத்தும் பிளேடால் கீறின மாதிரி அப்படி ஒரு தெளிவு. லில்லியின் மகரந்தம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

நடுவில் எலிசாவின் பெயர் மட்டும் முன்னைவிட மோசமாக இருந்தது. சுற்றிலும் எல்லாம் தெளிந்துவிட்டதால் அந்த ஒரு மங்கல் இப்போது துருத்திக்கொண்டு தெரிந்தது.

சுப்பராயலு கிட்டே குனிந்து பார்த்தான். பெயரை இழுத்துப் பக்கத்துக்கு வெளியே போட்டான். அதன் கீழே இருந்த பாக்ஸை நகர்த்தினான், தொம்மை வந்தார். தொம்மைக்குக் கீழே இன்னொரு பாக்ஸ், அதற்குக் கீழே இன்னொருத்தர்.

"யக்கா, என்னாக்கா இது? ஒரு ஊரே இங்க படுத்துக்கினு இருக்குது!"

அவள் சிரிக்கவில்லை.

"இவ்ளோ பேர கீழ வச்சிக்கினா சிஸ்டம் என்னா பண்ணும்? அதான் குழம்புது. எல்லாத்தயும் சுத்தமா எடுத்துடுங்க. இல்ல, புது பக்கத்துல அடிங்க. நான் கெளம்புறேன், இந்த பஸ்ஸ வுட்டா அமாவாசக் கூட்டத்துல மாட்டிக்குவேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியவன் பெஞ்சைப் பார்த்து நின்றான். "பாப்பா ஏன் இப்பிடி கண்ண கசக்கிக்கினு இருக்குது? கண்ணு நோவு போல. டாக்டராண்ட காட்டுங்கக்கா."

அவன் போன பிறகு அறை இன்னும் சின்னதாக ஆனது போல இருந்தது. மேஜை ஃபேன் ஒருபக்கம் திரும்பும்போது ஒரு முனகல், மறுபக்கம் திரும்பும்போது ஒரு முனகல். டக், டக். அருள்ராணி பெயரையும் போட்டோவையும் சுற்றி வளைத்துப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுக்கத் தொடங்கினாள்.

தொம்மையை எடுத்தாள். வெள்ளை பாக்ஸை எடுத்தாள். பிரசவத்தில் போன பெண் வந்தாள், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த போட்டோ, நெற்றிச்சுட்டியோடு. அவளை எடுத்தாள். பைபாஸில் லாரி அடித்த பையன் வந்தான். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்த ஒரு கிழவி வந்தாள். எல்லாரையும் அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் இந்தக் கையால்தான் வெள்ளை போட்டிருந்தாள். அவர்கள் ஒருத்தர் முகத்திலும் மங்கல் இல்லை, மூடிவைத்த அன்றைக்கு எப்படி இருந்தார்களோ அப்படியே, இமை முடி தெரிகிற தெளிவோடு அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரையும் எடுக்கும்போது "மன்னிச்சிக்கோங்க" என்று உதட்டுக்குள் சொன்னாள். கடைசி ஆளும் போனதும் சிலுவையும் லில்லியும் தவிர வேறு எதுவும் இல்லாத வெறும் பக்கம் வந்தது.

எலிசாவை இழுத்துக்கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

மங்கல் அப்படியே இருந்தது. இப்போது போட்டோவின் கீழ்ப் பாதியிலும் ஏறியிருந்தது. பிள்ளையின் மோவாய் இருக்கிற இடத்தில் ஒரு வெளுப்பு.

சட்டென்று புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். சிலுவை வேண்டாம், லில்லி வேண்டாம், கட்டம் வேண்டாம். வெறும் பக்கத்தில் பெயரை மட்டும் அடித்தாள். எலிசா. நன்றாக வந்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. இருந்தது. பிறகு "எ"யின் சுழி மெல்ல வெளுத்தது.

ஓடிப்போய் இன்னொரு பிரிண்ட் எடுத்தாள். மெஷின் உறுமித் தாளைத் துப்பியது. தாள் சூடாக இருந்தது, கிட்டத்தட்ட வெறுமையாகவும் இருந்தது. டோனர் தீர்ந்துபோனால் வருவது போல, பெயர் இருந்ததற்கு ஒரு சாம்பல் தடம் மட்டும். டோனர் தீரவில்லை. முந்தின பிரிண்ட் பக்கத்திலேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்தாள். நன்றாக வந்திருந்த அந்தத் தாளிலும் பெயர் இப்போது வெளுத்திருந்தது.

திரையில் மட்டும்தான் என்று இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அறுந்துபோனது.

"ம்மா, ஏன் லைட்ட அணைச்ச?"

தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"எரிஞ்சிக்கினுதான இருக்குது" என்றாள். தன் குரல் தனக்கே வேற்றாளின் குரலாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செருப்புச் சத்தம் நின்று எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்தாள். தெரியவில்லை.

கீழே ஒன்றும் இல்லை. கீழே இருந்த எல்லாரையும் எடுத்தாயிற்று. புதுப் பக்கத்தில் கீழே யாருமே கிடையாது. பின் எது இப்படி மறைக்கிறது?

மௌஸை நகர்த்திப் பெயரின் மேல் வைத்து அமுக்கினாள். பெயர் பிடிபடவில்லை. பெயருக்கு வெளியே, நாலு மூலையிலும், நடு ஓரங்களிலும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் எழுந்தன. எதையாவது பிடித்தால் வருகிற புள்ளிகள்தான். ஆனால் அவை பெயரின் அளவுக்கு இல்லை. பெயரைவிட அகலமாக, பெயரைவிட உயரமாக, ஒரு நீள்சதுரம்.

ஒரு பாக்ஸ்.

அது மேலே இருந்தது.

பெயரோடு சேர்த்து இதையும் அல்லவா இழுத்து இழுத்து வைத்திருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது. பெயரை அடிக்க அடிக்க அதன்மேல் வந்து படுத்துக்கொண்டிருக்கிறது. அவள் போடாத பாக்ஸ். பாதி வெள்ளை, இன்னும் முழுசாகாத வெள்ளை. ஆனால் நிமிஷத்துக்கு நிமிஷம் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த வெள்ளை. வெள்ளை பாக்ஸ் எதற்குப் போடுவார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒருத்தர் முடிந்துபோய், அடுத்தவருக்கு அந்த இடம் வேண்டும் என்கிறபோதுதான் போடுவாள்.

டெலீட்டை அடித்தாள்.

பாக்ஸ் போனது. "எலிசா" என்ற பெயர் கறுகறுவென்று நின்றது.

"ஆ, இப்ப தெரியுதும்மா" என்றாள் பின்னாலிருந்து பிள்ளை.

நாற்காலி விழ எழுந்து திரும்பினாள். எலிசா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வாரின தலை, வேர்வையில் ஒட்டின முன்முடி, கசக்கிக் கசக்கிச் சிவந்த கண். பிள்ளை பிள்ளையாகத்தான் இருந்தது. அருள்ராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மண்டிபோட்டு அந்த முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

ஏந்தியிருக்கும்போதே அந்த முகத்தின்மேல் ஆறுகிற பாலில் ஆடை படிகிற மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை வந்தது. முதலில் மோவாயில். பிறகு உதட்டில்.

துடைத்தாள். விரலுக்கு வெதுவெதுப்பான கன்னம்தான் தட்டுப்பட்டது, வேறு எதுவும் ஒட்டவில்லை, எதுவும் உரியவில்லை. ஆனால் வெள்ளைக்குள் போன விரல் தெரியவில்லை. கன்னத்தைத் தடவுவது கைக்குத் தெரிகிறது, தடவுகிற விரலைக் காணோம்.

"ம்மா, மறுபடியும் அணைச்சிட்ட."

திரைக்குப் பாய்ந்தாள். பாக்ஸ் வந்திருந்தது. டெலீட்.

"இப்ப தெரியுது."

வந்தது. டெலீட். வந்தது. முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் ஓடினாள். வாசல் படி கண்ணெதிரே இருந்தது, வாசலுக்கு வெளியே பஸ்ஸும் கூட்டமும் மஞ்சள் புடவைகளும் இருந்தன. எலிசா படியில் தடுக்கி விழுந்தாள். "எதுவும் தெரியலம்மா, எதுவுமே தெரியல" என்று தரையில் தடவினாள். அருள்ராணி குனிந்து பார்த்தாள். மோவாயிலிருந்து புருவம் வரைக்கும் வெள்ளை. மூக்கு இருக்கிற மேடுகூடத் தெரியவில்லை. நெற்றி மட்டும் பாக்கி.

அள்ளிக்கொண்டு திரும்பி ஓடினாள். டெலீட். முகம் வந்தது. மூச்சு வாங்கியது இரண்டு பேருக்கும்.

பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். இடது கையால் இறுக்கிக்கொண்டு வலது கையை டெலீட் கட்டையின் மேல் வைத்தாள். சிஸ்டத்தை அணைத்துவிட்டால்? அணைக்கிற நேரத்தில் பாக்ஸ் மேலே இருந்தால் அப்படியே நின்றுவிடுமே. பெயரையே எடுத்துவிட்டால்? பெற்ற பிள்ளையின் பெயரை எந்தக் கையால் எடுப்பாள்?

டெலீட். டெலீட்.

"ம்மா, வீட்டுக்குப் போலாம்மா."

"போலாம்டி. இரு. இதோ போலாம். அம்மா முடிச்சிட்டு வர்றேன்."

டெலீட்.

மின்சாரம் போனது.

ஃபேன் ஒரு நீள முனகலோடு நின்றது. டியூப்லைட் போனது. வெளியே கூட்டம் "ஹோ"வென்று கூவியது. யு.பி.எஸ்ஸின் பிடியில் திரை மட்டும் எரிந்தது. மேஜைக்கு அடியில் பீப் என்று ஒரு சத்தம். தினமும் இந்த நேரத்துக்குப் போகிற கரண்டுதான், அவளுக்குத்தான் நினைவில்லை. யு.பி.எஸ். பேட்டரியை மாற்ற வைத்திருந்த பணத்தில்தான் ஓனர் மானிட்டர் வாங்கினார்.

பீப்.

டெலீட்.

வந்தது. டெலீட். வந்தது. இப்போது விரலை எடுக்கவே நேரமில்லை. பாக்ஸ் விழுகிற கணத்தில் பெரிதாக விழுந்தது, பக்கத்தின் பாதியை மூடிக்கொண்டு விழுந்தது, முழு வெள்ளையாக விழுந்தது. அதன் நடுவில் கர்சர் நின்று மின்னியது. வெள்ளை போட்டு மூடியதும் அடுத்த பெயரை அடிக்க அவள் கிளிக் பண்ணி வைப்பாளே, அப்படி.

பீப். பீப்.

"சேசுவே. சேசுவே. என் பிள்ளய வுட்டுடு."

டெலீட்.

"ம்மா தெரியுது. ம்மா தெரியல. ம்மா தெரியுது."

பீப் பீப் பீப்.

"தெரியல."

டெலீட்.

"தெரியலம்மா."

டெலீட். டெலீட்.

பீப் சத்தம் ஒரே நீளமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. திரை அணைந்தது.

டெலீட். டெலீட். டெலீட். கட்டை மட்டும் டிக் டிக்கென்று அமுங்கியது.

கண்ணைக் கட்டின இருட்டு. மானிட்டர் தெரியவில்லை. மேஜை தெரியவில்லை. தன் கை தெரியவில்லை. வெளியே பஸ் கிளம்புகிற சத்தம், பம்பைச் சத்தம். மடியில் பிள்ளையின் கனம், பிள்ளையின் சூடு, பிள்ளையின் இரண்டு கையும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தன.

"ம்மா, நீ எங்க இருக்க?"

அருள்ராணி குனிந்தாள். அத்தனை இருட்டிலும் அது ஒன்று மட்டும் தெரிந்தது. பிள்ளையின் தோளுக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், நாலு ஓரமும் நேராக வெட்டின வெள்ளை. கொஞ்சமும் மங்கல் இல்லாத வெள்ளை. அதன் நடுவில் சின்னதாக ஒரு கறுப்புக் கோடு, அடுத்த பெயருக்காக விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.